பிடரி

செக்கானூரணி தியேட்டரில் நாலே நாள்,
மதியக் காட்சி மட்டும்.
கன்னடப் போஸ்டர் மேலேயே
தமிழ்ப் பெயரை ஒட்டியிருந்தார்கள்.
ஓரத்தில் ஒரு எழுத்து மட்டும்
உடைந்த வளையல் மாதிரி எட்டிப் பார்த்தது.

மொத்தம் முப்பத்தொரு டிக்கெட்.
அதில் பதினாலு எங்கள் தெரு.
சோனைமுத்து பஞ்சர் கடையைச் சாத்திவிட்டு வந்தார்.
நாத்தனார் கொழுவம்மா
கிடாவெட்டுக்குப் போகிறவள் போல
தூக்குவாளியில் புளிச்சோறு கொண்டுவந்தாள்.

பெங்களூர்ப் பத்திரிகையில்
ஐந்துக்கு இரண்டரை போட்டிருந்தார்களாம்.
சண்டை பரவாயில்லை, காதல்தான் ஒட்டவில்லை என்று.
யாரையோ படிக்கச் சொல்லிக் கேட்டு
அவர் போனில் சொன்னார்.
மூன்று வருஷத்தில் அவர் கற்ற கன்னடம்
குதி, இன்னொரு தடவை, சாப்பிட்டாச்சா,
அவ்வளவுதான்.

கதை மண்டியாவில் நடக்கிறது.
லாரி டிரைவர், சர்க்கரை ஆலைக்காரர் மகள்,
அவளுக்கு நாலு அண்ணன்.
முகம் ஒருத்தருக்கு.
குரல் வடபழனியில் யாரோ ஒருத்தருக்கு.
முதுகு மட்டும் எங்கள் வீட்டுக்கு.

முகம் தெரியாமல் விழுவதுதான் அவர் வேலை.
தெரிந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும்.
ஆனால் வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம்.
அது எந்த மேக்கப்காரருக்கும் தெரியாது,
எனக்குத் தெரியும்.

முதலில் பார்த்தது பாட்டில்.
ஆற்றுப் பாலத்தில் பைக் போகிறது.
கதாநாயகருக்கு வண்டி ஓட்டப் பயமாம்.
அந்தப் பெண் கன்னத்தைச் சாய்த்திருந்தாள்
ராத்திரி ராத்திரி நான் தைலம் தேய்க்கிற
அதே இடத்தில்.
கொழுவம்மா என் தொடையைக் கிள்ளினாள்.
பாவம், அந்தப் பெண்ணுக்கும் தலை நனைந்திருந்தது,
பல் கிட்டியிருக்கும்.

இடைவேளைக்கு முன்னால் மூன்றாவது மாடி.
குதித்தார்.
எங்கள் வரிசை விசிலில்
புறா இரண்டு கூரையிலிருந்து கிளம்பியது.
பின்சீட்டில் ஒரு பையன்,
"எல்லாம் கிராபிக்ஸ்டா மாப்ள."
சோனைமுத்து திரும்பிச் சொன்னார்,
"கிராபிக்ஸ் இல்ல தம்பி, கருமாத்தூர்."

நான் கண்ணாடிக்குக் காத்திருந்தேன்.

நகைக்கடைக் கண்ணாடி.
உடைக்கிறதுக்கென்று செய்கிற கண்ணாடி
மெட்ராசிலிருந்து வந்து சேரவில்லை,
நிஜத்திலேயே பாய்ந்தார்.
மூன்று தடவை சரியில்லை என்றார்கள்.
நாலாவதில் காரை எலும்பு.
தோளில் பதினொரு தையல்.
அந்த எக்ஸ்ரே என் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது.
இந்தப் படத்துக்கென்று எங்களிடம் உள்ள
ஒரே போட்டோ அது.

நகைக்கடை வந்தது.
கதாநாயகர் வெளியே நின்று முறைத்தார்.
அடுத்த நொடி உள்ளே நிற்கிறார்.
தரையெல்லாம் சில்லு.
நடுவில் ஒன்றுமில்லை.
ஒரு மூச்சு இழுக்கிற நேரம்கூட இல்லை.

மற்றவர்களுக்கு எதுவும் தெரியவில்லை.
கொழுவம்மா புளிச்சோற்றைப் பிரித்தாள்.

அண்ணன்மார் திருந்தினார்கள், மாலை மாற்றினார்கள்.
பெயர்கள் கீழிருந்து மேலே ஓடின,
அத்தனையும் கன்னடத்தில்.
எது அவர் பெயரென்று தெரியாமல்
பதினாலு பேரும் எழுந்து நின்று
எல்லாப் பெயருக்கும் கைதட்டினோம்.
துடைப்பத்தோடு வந்த அம்மாள்
ஓரமாக நின்று கொடுத்தாள்.

ராத்திரி மைசூரிலிருந்து போன்.
கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது.
மாடி எப்படி, பைக் எப்படி என்று
ஒன்றும் கேட்கவில்லை.
"கண்ணாடி வச்சிருக்காங்களா?"

"வச்சிருக்காங்க" என்றேன்.
"மெதுவா, ரெண்டு தடவ காட்டுனாங்க.
பின்னாடி ஒரு பய எந்திரிச்சே நின்னுட்டான்."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ திட்டுகிற சத்தம்.
வண்டி ஒன்று பின்னால் எடுக்கிற சத்தம்.
பிறகு,
"மூஞ்சி தெரிஞ்சுச்சா?"

எதற்குக் கேட்கிறார் என்று
எனக்குப் பிடிபடவில்லை.
மாவைத் தள்ளிவிட்டேன்.

"லேசா."