படர்க்கை

பள்ளத்தூருக்குத் தெற்கே
சித்திரை வெயிலில் கிடக்கிறது கண்மாய்.
தண்ணீர் இல்லை. படகு இருக்கிறது.
பதினோரடி ஃபைபர், நீலத்தில் வெள்ளைக் கோடு,
உள்ளே நிழல் பார்த்துப் படுத்திருக்கிறது ஒரு வெள்ளாடு.

நான் வந்தது விபத்தை அளக்க.
நடந்தது கார்த்திகையில்.
மனு, மருத்துவச் சான்று, நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல் என்று
கோப்பு என் மேசைக்கு வருவதற்குள்
சம்பவ இடம் ஆவியாகிவிட்டது.

தூண்டில் நண்பர்கள் கழகம். உறுப்பினர் இருபத்து மூன்று.
செயலாளர் வயிரவனுக்குக் கழனிவாசலில் டைல்ஸ் கடை.
ஞாயிறுதோறும் விரால் பிடிப்பார்களாம்,
பிடித்ததைப் போட்டோ எடுத்துவிட்டுத்
திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்களாம்.
இன்சூரன்ஸ் இல்லாமல் படகை இறக்காதே என்று
மீன்பாசி குத்தகைக்காரர் மறித்ததால்
பாலிசி எடுத்தார். படிக்கவில்லை.
யார்தான் படிக்கிறார்கள்.

அதன் இலக்கணம் லேசானது.
'நாங்கள்' என்றால் கம்பெனி. தன்மை.
'நீங்கள்' என்றால் கழகம். முன்னிலை.
மூன்றாம் நபர் என்றால் அடிபட்டவர்.
பதினான்கு பக்கமும் அவரைப் பற்றித்தான்,
அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது.

அந்தப் படர்க்கை
கரையிறங்கி வருகிறது இப்போது,
வலது தோளில் துண்டு போர்த்தி.
பஞ்சவர்ணம். வயது நாற்பத்தொன்று.
குன்றக்குடி அடிவாரப் பூக்கடைகளுக்குத்
தாமரை பறித்துக் கொடுப்பவள்.
பூ ஒன்றுக்கு இரண்டு ரூபாய், மொட்டானால் ஒன்றரை.

எங்கே நின்றீர்கள் என்றேன்.
பேசாமல் நடந்தாள்.
வெடித்த சேற்றில் காய்ந்த தண்டுகள்
செருப்படியில் முறிந்தன.
"இந்தா, இங்கன."
தண்ணீர் எவ்வளவு?
"கழுத்து மட்டும்."
டேப்பை மண்ணில் ஊன்றி
அவள் கழுத்துவரை இழுத்தேன்.
நாலடி ஓரங்குலம்.

படிவத்தின் ஒன்பதாவது கேள்வி:
காயமுற்றவர் அவ்விடத்தில் இருக்க
யாரிடம் அனுமதி பெற்றிருந்தார்?
வாசித்துக் காட்டினேன்.
"தாமரைட்டயா கேக்கணும்?"

எச்சரிக்கை ஏதும் செய்தீர்களா?
"ஆளு இருக்குன்னு கையத் தூக்குனேனே."
எப்படி என்று காட்டச் சொன்னேன்.
என் தொழில் அது.
வலது கை கிளம்பியது,
மார்புக்கு நேரே வந்து நின்றுகொண்டது.
ஒரு கணம் அதையே பார்த்தாள்
அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல.
பிறகு இடது கையைத்
தலைக்கு மேலே நீட்டி,
"இம்புட்டு" என்றாள்.

படகின் பின்பலகையில் நான்கு திருகு ஓட்டைகள்.
பாலிசியில் இருப்பது துடுப்புப் படகு.
வயிரவன் கைக்குட்டையால் பிடரி துடைத்தார்.
"சின்ன மோட்டார்தான் மேடம், பேட்டரில ஓடுறது,
மீன் மிரளக் கூடாதுன்னு மாட்டுனது.
சத்தமே வராது."
சொன்னபிறகுதான்
சொன்னது அவருக்கே கேட்டது.
அப்புறம் என் காதோரம் தணிந்து:
"ஓட்டைய எழுதாதீங்க.
கழகத்துல இருப்பு நாலாயிரத்து முந்நூத்திப் பத்து.
எழுதுனா அந்தப் பொம்பளைக்குத்தான் ஒண்ணும் வராது."

அது உண்மை. அதுதான் தொல்லை.

ஆட்டைக் கிளப்பிவிட்டுப்
படகின் விளிம்பில் உட்கார்ந்து எழுதினேன்.
பின்பலகையில் ஓட்டைகள்: நான்கு.
அடுத்த வரியில்,
இடது கை எட்டிய உயரத்துக்கும்
வலது கை நின்ற உயரத்துக்கும் இடையே:
இரண்டடி ஒன்பது அங்குலம்.
அப்படி ஒரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

"எனக்கு என்ன கெடைக்கும்?" என்றாள்.
என்னை நேராகப் பார்த்துத்தான் கேட்டாள்,
முன்னிலையில்.

'நாங்கள்' என்று தொடங்க வாய் திறந்தேன்.
"அவங்க முடிவு பண்ணுவாங்க" என்று வந்தது.