வெதிகாடு

ஊத்துக்கோட்டையில் நான் மருந்துக்கடை போட்ட முதல் ஐப்பசி.
மணப்பாறைக்காரன். தெலுங்கில் தெரிந்தது
விலை சொல்ல ஒன்றிலிருந்து இருபது;
அதற்கு மேல் கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டுவேன்.

சத்தியவேடு பஸ்ஸில் வந்திறங்கிய மங்கதாயாரு
காலி இன்ஹேலர் ஒன்றைக் கண்ணாடிமேல் வைத்தாள்.
கையிருப்பில் இல்லை.
"அவசரமா?" என்றேன்.
இதென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.
"அவசரமே."

ஷட்டரை இறக்கினேன்.
தரைப்பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர் ஓட
திருவள்ளூருக்கு வண்டியை விட்டேன்.
போக வர மூன்று மணி நேரம், ஒரு பஞ்சர்,
சட்டைக்குள் மருந்து, சட்டைக்கு மேல் மழை.

திரும்பியபோது எதிர் டீக்கடை பெஞ்சில்
கடலை உரித்துக்கொண்டிருந்தாள்,
கேள்வி கேட்டுவிட்டுக் கடையைப் பூட்டி ஓடியவன்
எப்போது வருவான் என்று தெரியாமல்.
வீட்டில் இன்னொன்று பாதி இருக்கிறதாம்.
வாரக் கடைசியில் கிடைத்தாலும் போதுமாம்.
அவர்களுக்கு அவசரம் என்றால் தேவை.
தேவையில்லாமலா பஸ் ஏறி வந்தேன்
என்று பதில் சொல்லியிருக்கிறாள்.
டீக்கடைக்காரர் மொழிபெயர்த்துவிட்டுச் சிரித்தார்.
அவள் சிரிக்கவில்லை. என் ஈரத்தைப் பார்த்தாள்.
உரித்த கடலையை அப்படியே கல்லாவில் கொட்டிவிட்டுப் போனாள்.

அன்றிரவு பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
அவசரம், தேவை.
யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மறந்திருப்பேன்.
நனைந்ததால் நின்றது.

மூன்று வருஷம் அந்தச் சொல்லில் நான் தவறவில்லை.

போன மார்கழி. பன்னிரண்டுக்கு மேல்
ஷட்டரில் கை. "அவசரம்! அவசரம்!"
கடைக்குள் பாயில் கிடந்தபடியே
என் கெட்டிக்காரத்தனம் பதில் சொன்னது:
"ரேபு ரா அம்மா."
தேவைதானே. காலையில் தரலாம்.

எனக்கென்ன தெரியும்,
அந்த டீக்கடை பெஞ்சில் அன்றைக்கு
அவளும் மனசுக்குள் ஒரு கடைசிப் பக்கம் எழுதினாள் என்று:
இவனிடம் அவசரம் என்று சொன்னால்
மழையிலும் ஓடுவான்.

குறுகலான சந்தில் எதிரெதிரே வருகிறவர்கள்
வழிவிடப் போய்
ஒரே பக்கம் ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே,
அப்படி.
இருவருமே திருந்தியிருந்தோம். அதுதான் இடித்தது.

மிஞ்சியது தகரத்தில் விழுந்த கை.
காலையில் வரக்கூடியவள் இப்படித் தட்டமாட்டாள்.

திறந்தேன். ஆட்டோவுக்குள் மஸ்தானய்யா
கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்து
ஊசித் துளை வழியாக மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.
அவளுக்கு ஒரு காலில் மட்டும் செருப்பு.

அரசு ஆஸ்பத்திரி. விடிகிற நேரம்
டாக்டரம்மா வெளியே வந்து சொன்னார்:
"பிழைச்சுட்டாரு."
மங்கதாயாரு சுவரைப் பிடித்துக்கொண்டாள்.
அவள் மகள் இந்தப் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறாள்.
நோட்டில் சிவப்பு மையில்
வாரம் நான்கு முறை வரும் சொல் அது.
"ஏம் பிழை? யார் செஞ்சது?"

நானும் அதுவரை யோசித்ததில்லை,
தப்பு செய்வதற்கும் உயிரோடு இருப்பதற்கும்
நம்மவர்கள் ஏன் ஒரே சொல்லை வைத்தார்கள் என்று.
வேறு சொல் கிடைக்காமல் இருந்திருக்காது.

அவளுக்குச் சொல்ல வேண்டும், உடனே, அவள் மொழியில்.
நாக்கில் முதலில் தட்டுப்பட்டதை எடுத்தேன்.
"வெதிகாடு. மஸ்தானய்யா வெதிகாடு."

சுவரிலிருந்து கை விலகியது.
"பதிகாரு" என்றாள், முதல் எழுத்தையும்
நான் விட்டுவிட்ட மரியாதையையும் சேர்த்துத் திருத்தி.
பிழைத்தார்.
நான் சொன்னது: தேடினான்.

பிறகு சிரித்தாள்,
மூன்று வருஷத்துக்கு முந்தைய நனைந்த சட்டைக்கும் சேர்த்து,
நர்ஸ் வந்து அதட்டும்வரை.

உள்ளே, ஆக்ஸிஜன் மூடிக்குள் அவர்
தேடிக்கொண்டுதான் இருந்தார்
அடுத்த மூச்சை.

ஷட்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டு வந்தது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது எனக்கு.