கொம்பு

பழைய எழுத்துருக்களில் கொம்பு
எழுத்துக்கு முன்னால் நிற்கும்.
ஒருங்குறியில் பின்னால்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு அல்ல.
அதை எடுத்து அங்கே வைப்பதுதான்
எங்கள் நிரலுக்குத் தெரிந்த ஒரே வேலை.
பெயரும் அதுவே.

ஒன்பது வருடமாக மூலநிரல் திறந்தே கிடக்கிறது.
யாரும் எடுக்கலாம். எடுத்தார்கள்:
வக்கீல் குமாஸ்தாக்கள்,
திருவல்லிக்கேணி டிடிபி கடைகள்,
பெயர் சொல்லிக்கொள்ளாத ஒரு பெரிய கம்பெனி.
பிழை சொல்லும்போது மட்டும் அவர்கள்
‘அவசரம்’ என்று எழுதுவார்கள்.

சர்வர் வாடகை மாதம் ஆயிரத்து நூற்று நாற்பது.
நஸ்ரீன் கட்டுகிறாள்.
நாங்கள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.
அவள் கார்டு காலாவதியாகி
ஒரு நாள் முழுக்கத் தளம் இருண்டபோதுதான் தெரிந்தது.

ஆகவே சனிக்கிழமை,
வேளச்சேரியில் பறக்கும் ரயிலுக்குக் கீழே ஒரு டீக்கடை.
மூன்று பேர், ஒரு மடிக்கணினி,
முப்பத்தொரு சதவீதம் சார்ஜ்.
காசு திரட்ட எந்தத் தளம்?

முதல் தளம் கமிஷனே பிடிப்பதில்லை.
ஆனால் அதன் நாடுகள் பட்டியலில்
ஐஸ்லாந்துக்கு அடுத்து இந்தோனேசியா.
“தாண்டிட்ட, மேல போ” என்றான் பெனடிக்ட்.
தாண்டவில்லை.

இரண்டாவது,
‘எனக்கொரு காபி’ என்று பொத்தான் வைக்கச் சொல்கிறது.
காபி ஐந்து டாலர்.
எங்கள் கையில் பதினைந்து ரூபாய் டீ.
நஸ்ரீன் சிரித்ததில் அவள் டம்ளர் தளும்பியது.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று
படி கட்டுகிறது மூன்றாவது.
தங்கப் படிக்காரருக்கு என்ன தருவீர்கள்?
அவருடைய கொம்பைக் கொஞ்சம்
சீக்கிரமாக நகர்த்தித் தரலாமா?

நான்காவது பத்து சதவீதம் எடுத்துக்கொள்ளும்.
கணக்கை ஊரறியச் சுவரில் ஒட்டும்:
கொடுத்தவர் யார், எவ்வளவு,
யாருக்குப் போனது, எதற்கு.
“பத்துல ஒண்ணா! இதுக்குக் கந்துவட்டியே தேவல.”
பெனடிக்டுக்குப் பிடிக்கவில்லை.
எனக்கும் பிடிக்கவில்லை,
என் காரணம் வேறு.

மார்ச்சில் பெருங்குடி அலுவலகம்
என் அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டது.
கழுத்துப்பட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.
இவர்களிடம் நான் சொல்லவில்லை.
‘எதற்கு’ என்ற கட்டத்தில் சர்வர் என்று எழுதலாம்.
பெரம்பூரில் ஒற்றைப் படுக்கையறை,
இரண்டு மாத பாக்கி என்று
டிடிபி கடைக்காரர் படிக்கிற சுவரில் எழுத முடியுமா?
இத்தனை நாள் சும்மாதானே கொடுத்தாய்,
இப்போது உனக்கென்ன கொம்பு முளைத்துவிட்டதா
என்று கேட்பார்களே.

தலைக்கு மேல் ரயில் போனது.
மேசை அதிர்ந்தது. பேச்சு நின்றது.
அந்தச் சத்தத்துக்குள் சொல்லிவிட்டேன்.
ரயில் போனபிறகு
“என்ன சொன்ன?” என்றாள் நஸ்ரீன்.
பெனடிக்டுக்குக் கேட்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல்
நான்காவது தளத்தின் படிவத்தைத் திறந்து
கணினியை என் பக்கம் திருப்பினான்.

முதல் பெயர். கடைசிப் பெயர். இரண்டும் கட்டாயம்.
எனக்கேது கடைசிப் பெயர்?
த. அருள்வேலன்.
முன்னால் ஒற்றை எழுத்தாய்,
பக்கத்தில் ஒரு புள்ளியோடு நிற்கிறார் அப்பா.
வங்கிக்கு அவர் முழுசாக வேண்டும்,
அதுவும் பின்னால்.
“நகர்த்து” என்றாள் நஸ்ரீன்.
“ஒன்பது வருஷமா வேற என்ன செஞ்சோம்?”

அருள்வேலன் தணிகாசலம்.
திரை ஏற்றுக்கொண்டது.
அடுத்த கட்டம்: எதற்கு?
நான் விரலை எடுத்துவிட்டேன்.
அவளுக்கு அதற்குள் யார் சொன்னது, எப்போது?
குறுக்கே கைநீட்டி
‘வாடகை’ என்று மட்டும் தட்டினாள்.
எந்த வாடகை என்று படிவம் கேட்கவில்லை.
சார்ஜ் நாலு சதவீதம்.

டீக்கு நாற்பத்தைந்து ரூபாய்
பெனடிக்ட் கொடுத்தான்.
அதை எந்தக் கணக்கிலும் ஏற்றவில்லை.