பதினேழாம் படுக்கைக்கு

பெட்டிக்கு ஒரு கொதிகலன்,
ஐம்பத்து நான்கு வாய்,
நடுவே நான் ஒருத்தி, துல்மா.
விளாதிவஸ்தோக்கில் ஏறியதிலிருந்து
இந்தக் கரியடுப்போடுதான் குடித்தனம்.

முதலில் கொதியைச் சொல்கிறேன்,
பலரும் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.
ஒரு முணுமுணுப்பு வரும்.
பிறகு பொடிக் குமிழ்கள் கூட்டமாக எழுந்து
தண்ணீரே பால்போல மங்கும்.
அப்போது பிடிக்க வேண்டும்.
தளதளவென்று துள்ளிவிட்டால் செத்த தண்ணீர்,
அதில் எந்த இலையும் வாய் திறக்காது.
கலனுக்குள் எட்டிப் பார்க்க முடியுமா?
தகரத்தில் காது வைத்துக் கேட்கிறேன்.
இடது மடலில் அதற்கொரு தழும்பு.

கெண்டியை வெந்நீரால் அலசு.
இலை கண்ணளவு;
கரண்டிக் கணக்குக் கேட்பவர்களிடம்
நான் பொய்தான் சொல்வேன்.
கழுத்துவரை ஊற்றி, கம்பளித் தொப்பியால் மூடி,
எதிர்த் தடத்தில் இரண்டு சரக்கு வண்டி
போகும்வரை தொடாதே.
ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதாம்.
என் பயணிகளுக்கு
ஊறவே பொறுக்காது.

ஒன்பதில் ஃபாயினா, கணக்கு டீச்சர்.
செர்ரி ஜாமைத் தேநீரில் கலக்க விடமாட்டாள்:
முதலில் நாக்கில் ஜாம், பிறகு மிடறு, வரிசை மாறாது.
இருபத்திரண்டில் எண்ணெய்க் கிணற்றுக்காரன் ரோதியோன்.
ஆறு கட்டி சர்க்கரை, கலக்கவே மாட்டான்.
‘அடியில் இருப்பது அடிக்கே’ என்பான்.
முப்பத்தொன்றுக்காரி
பையிலிருந்து ஏதோ புல்லை எடுத்து
வெந்நீர் மட்டும் வாங்கி என்னை அவமதிக்கிறாள்.
நாற்பதில் ஒருவன் காப்பி கேட்கிறான்.
அவனைப் பற்றி வேண்டாம்.

எனக்கு எங்கள் புரியாத்துத் தேநீர்:
அச்சுத் தேயிலை, பால், வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு.
வீட்டிலிருந்து பிளாஸ்கில் வந்தது என்றோ தீர்ந்தது,
இது வண்டியிலேயே ஒப்பேற்றியது.

மொகோச்சாவில் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொன்று.
மெல்லிய செருப்பும் துணிப் பையுமாக
ஒருவன் ஏறினான். சீட்டில் லாப்தெவ், யெஃபீம்.
முழு தேயிலைப் பொட்டலத்தை என் கையில் வைத்து,
‘இவ்வளவும் ஒரே கிளாசில்’ என்றான்.

புரிந்துவிட்டது. சிறைக்குள் அப்படித்தான் காய்ச்சுவார்கள்,
ஆளுக்கு இரண்டு மிடறு, பிறகு அடுத்த கை.
அது தேநீரில்லை,
கரி நிறத்தில் ஒரு தூக்கமின்மை.

‘விதிப்படி கூடாது’ என்றேன்.
அப்படியொரு விதி கிடையாது.
‘உங்களுக்கு எப்படி வேண்டும்?
இலேசாகவா, கடுப்பாகவா, எலுமிச்சை போட்டா?’

வேற்று மொழியில் கேட்டதுபோல் பார்த்தான்.
கம்பளியின் நூலை இழுத்துக்கொண்டே இருந்தான்.
‘தெரியவில்லை’ என்றான்.
‘பதினோரு வருஷம்.
அதற்கு முன் எப்படிக் குடித்தேனோ.’

மூன்று கிளாஸ் கொண்டு வைத்தேன்.
பிரேக் போட்டபோது மூன்றும்
உலோகப் பிடிகளுக்குள் கிணுகிணுத்தன.
முதலாவது கழனித்தண்ணியாம்.
இரண்டாவதில் எலுமிச்சையை விரலால் எடுத்துத்
தோலோடு தின்றுவிட்டுத் தேநீரைத் தள்ளினான்.
மூன்றாவதை முகர்ந்ததோடு சரி.
‘இலை என்ன சும்மாவா வருகிறது?’
என்று கத்திவிட்டு என் அறைக்கு வந்தேன்.
ஃபாயினா விழித்துக்கொண்டாள்.

பிளாஸ்கின் கடைசியை ஊற்றும்போது
வாசலில் நிழல்.
‘அது என்ன?’
‘உப்புப் போட்டது.’
‘டீயிலா?’
பாதியை நீட்டினேன்.
வெண்ணெய் மீசையோடு நின்று
வெகு நேரம் யோசித்தான்.
‘மோசம்’ என்றான்.
கோப்பையை மறுபடி நீட்டினான்.

நான் அன்று குடிக்கவில்லை.
உப்பிட்டதைச் சொல்லிக்காட்டக் கூடாது, இருந்தாலும்
எழுதி வைக்கிறேன்.

சிட்டாவில் விடியுமுன் இறங்கிவிட்டான்.
தலையணைக்கு அடியில் அந்தப் பொட்டலம், பிரிக்காமல்.
திறந்து முகர்ந்தேன்: மட்டமான தூள்.
இதற்கு மூன்று நிமிடம், மிஞ்சினால் கசக்கும்.

நாற்பதாம் எண்ணுக்கு அதில் போட்டுக் கொடுத்தேன்.
பிரமாதம் என்றான்.
காப்பி குடிக்கிற நாக்கு.