ஒன்பதிலிருந்து இருபத்துமூன்று

பீடோர் பழைய சாலையில்
நகல் எடுக்க, டாப்-அப் போட, போலீஸ் சம்மன் கட்ட
வருகிறவர்களுக்கு
விமான டிக்கெட்டும் எடுத்துக் கொடுக்கிறேன்.
சேவைக்கு ஐந்து வெள்ளி.

குணாளன் செம்பனை ஆலையில் பாய்லர்மேன்.
ஆலையை மூடிவிட்டார்கள்.
லஹாட் டத்துவில் வேறொரு பாய்லர் காத்திருக்கிறது.
ஐந்து பேர், ஒருவழி டிக்கெட்.
அடையாள அட்டைகளும் பிறப்புப் பத்திரங்களும்
ஒரு மைலோ டின்னுக்குள் சுருண்டு வந்திருந்தன.

திரையில் விமானம்
தின்று முடித்த மீன்முள்போலக் கிடந்தது.
இடம் பார்த்து எடுத்தால் ஆளுக்கு இருபத்தெட்டு வெள்ளி.
எடுக்காவிட்டால் இயந்திரம்
தன் இஷ்டத்துக்குத் தூவும்.

"டிக்கெட்டுக்குத்தான் காசு கட்டியாச்சேக்கா?"
"அது ஏறுறதுக்கு. இது ஒண்ணா ஒக்காருறதுக்கு."
சொன்னபோது
என் வாய் எனக்கே பிடிக்கவில்லை.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
நமக்கு ஏது?
குணாளன் தன் அப்பாவின் மகன்,
விமலேஸ்வரி தன் அப்பாவின் மகள்,
பிள்ளைகள் மூன்றும் அவன் பெயரைப் பின்னால் கட்டிக்கொண்டு.
ஐந்து பேருக்கும் பொதுவாக ஒரு சொல் இல்லை.
பாவம், அதற்கெப்படித் தெரியும் என்று
இயந்திரத்துக்காக ஒரு நிமிடம் வாதாடிப் பார்த்தேன்.
தெரியும்.
ஒரே அட்டையில் ஐந்து டிக்கெட் எடுப்பவர்கள் யாரென்று
தெரிந்துதான் கேட்கிறது.

ஆனாலும்
போன மாதம் மாசிலாமணி வாத்தியார் பொருமியதை
என்ன செய்ய?
சர்க்கரைக்காரர். அடிக்கடி எழவேண்டும்.
காசு கட்டி ஓரத்து இருக்கை வாங்கினார்.
கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்து நின்றாள்.
"கொஞ்சம் மாறிக்குவீங்களா அங்கிள்?"
மாறினார்.
இரண்டு பெரிய ஆட்களுக்கு நடுவே
மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டு இருந்தார்.
"குடும்பம் உள்ளவங்களுக்கு மட்டுந்தான் ஒடம்பா?"
தனியாள் அவர்.
அவருக்கும் என்னிடம் பதில் இல்லை.

நூற்று நாற்பது வெள்ளி, குணாளன் கணக்குப் போட்டான்.
போய் இறங்கும் மாதத்துக்கு அரிசி அது.
"ரெண்டு மட்டும் எடுங்க. இவளுக்கும் சின்னவனுக்கும்."

அப்புறம் ஒரு மௌனம்.
எந்தப் பிள்ளை சின்னது,
எது அவ்வளவு சின்னதில்லை என்று
நகலெடுக்கும் கடையில் நின்று முடிவு செய்த மௌனம்.
பெரியவன் துர்வின் கைப்பேசியிலிருந்து தலை தூக்கவில்லை.
ஏழு வயது கவிஷா கேட்டாள்,
"எனக்கு ஜன்னல் கெடைக்குமா?"
விமலேஸ்வரி அவள் தலையை
இடுப்போடு அழுத்திக்கொண்டாள்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு பொத்தானை அழுத்தினேன்.
தூவியது.
தாயும் சின்னவனும், வாங்கியபடி, நான்காம் வரிசை.
துர்வின் பதினெட்டு.
அப்பன் இருபத்துமூன்று, கழிப்பறைப் பக்கம்.
கவிஷா ஒன்பது ஏ.
"ஜன்னல்!" என்று
கவிஷா குதித்ததில் ஸ்டேப்ளர் கீழே விழுந்தது.

"ஏறினதும் கேளுங்க, யாராச்சும் மாறிக் குடுப்பாங்க" என்றேன்.
"அவங்க காசு கட்டி வாங்குனதா இருக்கும்க்கா."

அந்த மீன்முள்ளை அச்சடித்துத் தரச் சொன்னான்.
தாளுக்கு இருபது காசு.
விமலேஸ்வரி பர்சைத் துழாவிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

ஒன்பதில் விரல் வைத்து
இருபத்துமூன்று வரை எண்ணினான். பதினான்கு.
மகளை என் கதவோரம் நிறுத்திவிட்டு
அஞ்சடியில் எட்டெட்டாக நடந்தான்.
பூக்கடை தாண்டி,
சீனத்தியின் கொய்யாப்பழத் தட்டு தாண்டி,
பதினான்காவது எட்டில் திரும்பினான்.
நடுவே ஆட்கள் போனார்கள், வந்தார்கள்,
ஒருவன் எரிவாயுத் தோம்பை உருட்டிக்கொண்டு போனான்.

"தெரியிறேனா?"
"தல மட்டும் தெரியிதுப்பா!"

குதிகால்களை உயர்த்தினான்.
"இப்ப?"