வழிகாட்டிப் படகு

நவம்பர், ரீகா. நான்கு மணிக்கே இருட்டிவிட்டது.
கீழே, வளைவில் டிராமின் மணி தேய்ந்து அடங்குகிறது.
திரையை மட்டும் விட்டுவிட்டு
அறையின் எல்லா விளக்கையும் அணைக்கிறாள் விஸ்மா.

மயக்கத்தில் ஒரு சுண்டெலி.
அதன் தோலில் தைத்த கண்ணாடிச் சன்னல்,
சட்டைப் பொத்தான் அளவு.
உள்ளே சிவப்பாய் ஓடும் நாளம்,
பச்சையாய் மினுங்கும் புற்று,
நீலமாய் ஊர்ந்து வரும் பெருவிழுங்கி.

விழுங்கத்தான் வருகிறது என்று நினைத்தாள், முதல் ஆண்டில்.
விழுங்கவில்லை.
பச்சையின் தோளோடு தோள் உரசி
ஏதோ ஊட்டி, ஏதோ வாங்கி,
நாளத்தின் சுவர்வரை கூட்டிப்போனது.
சுவரின் தையலைக் கொஞ்சம் தளர்த்தியது.
பச்சை, இடுப்பை ஒடுக்கி
உள்ளே நழுவியது.
சிவப்பு அள்ளிக்கொண்டு போனது,
நுரையீரலுக்கோ எலும்புக்கோ
சன்னல் வைக்காத வேறெங்கோ.

வேலியே பயிரை மேய்ந்தது என்று
சொல்லிவிடலாம்தான்.
இந்த வேலிக்குப் பசியில்லை.

அவள் அண்ணன் ஓயார்ஸ் துறைமுகத்தில் வழிகாட்டி.
பனி உறைந்த கயிற்றேணியில் ஏறி
ஊர்பேர் தெரியாத கப்பல்களை
டௌகவாவின் முகத்துவாரம் கடத்திவிடுவான்.
சரக்கு என்னவென்று கேட்க மாட்டாயா?
"எத்தனை மீட்டர் அமிழும் என்று கேட்பேன்,"
கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

பெருவிழுங்கிக்கும் தெரிந்தது ஒரே சொல்:
காயம்.
அந்தக் குரல் கேட்டால் போகும்.
நாளம் திறக்கும், வழி பண்ணும், தசை வளர்க்கும்.
புற்று அந்த ஒரு சொல்லை மட்டும்
மனப்பாடம் செய்துகொண்டு
இரவும் பகலும் அனத்துகிறது.

மார்ச்சில் ஒரு மருந்து. நீலங்களை விரட்டிப் பார்த்தார்கள்.
ஒரு சதுரத்தில் ஒன்பது கதவு இருந்த இடத்தில்
இரண்டு.
கேக் வெட்டினார்கள்.
பன்னிரண்டாம் எலிக்கு, காதில் வளையம் குத்திய புண்
ஐந்து வாரமாய் ஆறவில்லை.
அதையும் குறித்துவைத்தாள், அதே பேனாவால்.

இன்று கண்ணாடித் துண்டு ஒன்று
அவள் விரலைக் கீறிவிட்டது.
கழுவுகிறாள். துடிக்கிறது, சிவக்கிறது, வீங்குகிறது.
வந்துவிட்டார்கள்.
யாரையும் விசாரிக்காமல், ஏணி ஏறி,
கதவு கதவாய்த் திறந்துகொண்டு.

காயம் என்றால் புண், காயம் என்றால் உடம்பு.
இரண்டுக்கும் ஒரே சொல் வைத்த மொழி ஒன்று உண்டு.
அவளுக்கு அது தெரியாது.
பிளாஸ்திரி ஒட்டிய விரலால்
அடுத்த சதுரத்தை நகர்த்துகிறாள்.