மைனஸ் பதினாறு

பால்காஷ் ஏரிக்குத் தெற்கே
மழை மறந்த களிமண் வெளி.
இந்த முனையில் நான், ஏற்பியோடு.
அந்த முனையில் எர்சாயின், லேசரோடு.
நடுவில் சரியாக ஆயிரத்து நாற்பது மீட்டர்,
தரைக்கு இரண்டு மீட்டர் மேலே
கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளிக்கம்பி.

அது எவ்வளவு நடுங்குகிறது என்பதுதான் கேள்வி.
அல்மாட்டியில் யாரோ செய்கிற தொலைநோக்கிக்கு
அந்த நடுக்கத்தின் எண் வேண்டுமாம்.
எண்ணுக்கு ஓர் அலகும் உண்டு:
மீட்டரின் மைனஸ் மூன்றில் இரண்டு அடுக்கு.
பயிற்சியில் கேட்டபோது சிரித்துவிட்டேன்.
நீளத்தை மூன்றாய் வெட்டி, இரண்டைத் தலைகீழாய்த் தொங்கவிட்டு
யார் காற்றை அளப்பார்கள்?

இப்போது சிரிப்பதில்லை.
உச்சிவெயிலில் எர்சாயினுக்குக் கழுத்து கிடையாது.
தலை தனியே மிதக்கும்; கால்கள் தண்ணீராய் ஓடும்;
கையசைத்தால் நான்கு கை.
அவன் பின்னால் போகும் ஒட்டகம்
கொப்பரைச் சூப்பில் எலும்புபோலப் புரளும்.
வாக்கி டாக்கியில் குரல் மட்டும் கலங்காமல் வரும்:
"பல்ஜான், எவ்வளவு?"
"பதிமூன்று."
மைனஸ் என்பதை நாங்கள் சொல்வதில்லை.

சூரியன் விழ ஒரு மணி நேரம் இருக்கையில்
தரையும் காற்றும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.
கொடுக்க ஒன்றுமில்லை, வாங்க ஒன்றுமில்லை.
பத்து நிமிடம். சில நாள் ஏழு.
திரையில் கோடு சரிந்து சரிந்து
பதினாறைத் தொட்டு அப்படியே படுத்துக்கொள்ளும்.
அப்போது குறிநோக்கியில் கண் வைத்தால்
அவன் சட்டைப் பித்தான்களை எண்ணலாம்.

நேற்று ஆறு ஐம்பத்தொன்று.
எண்ணப் பித்தான் இல்லை; சட்டையே இல்லை.
லேசரைச் சீர்பார்க்கக் கொடுத்த கண்ணாடியை
சாக்சவுல் கிளையில் மாட்டி
பக்கவாட்டில் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான்.
கன்னம் முழுக்க நுரை.
நாக்கால் உள்ளிருந்து கன்னத்தை முட்டித் தள்ளுகிறான்,
அவ்வளவு கவனம்.
ஏழு வாரத் தாடி.

"அங்கே என்ன செய்தி?" என்றேன்.
கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாக்கி டாக்கியை எடுத்தான்.
"ஒன்றுமில்லை. ஈ."

கிளை லேசாய்த் திரும்பியது.
என் முதுகுக்குப் பின்னிருந்த சூரியன் முழுதும்
ஆயிரத்து நாற்பது மீட்டர் போய்த் திரும்பி
ஏற்பியின் வாய்க்குள் விழுந்தது.
படுத்திருந்த கோட்டில் ஓர் ஆணி முளைத்தது.

அல்மாட்டியிலிருந்து உடனே கேட்டார்கள்:
ஆறு ஐம்பத்தொன்றில் என்ன அது?
குறிப்புப் பத்தியில் இதுவரை
ஆடு, புழுதி, மின்தடை,
ஒரு முறை "குதிரை கம்பத்தில் சொறிந்துகொண்டது" என்றுகூட
உண்மையே எழுதியிருக்கிறேன்.
"பறவை" என்று எழுதினேன்.

மோட்டார் சைக்கிள் என் கூடாரத்தைத் தாண்டி
ஊர்ச்சாலையில் ஏறியபோது இருட்டிவிட்டது.
சோப்பு வாசனை சற்று நின்றது.
தரை குளிரத் தொடங்கியிருந்தது;
திரையில் பதினைந்து, பிறகு பதினான்கு.
தூரத்தில் பின்விளக்குச் சிவப்பு
நடுங்கிற்று.

சாலையில் குழியும் உண்டு.